பட்டுச் சேலைக்கு அடியில் இருந்த சிபியு

நேற்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. பொன்னாடை போர்த்திவிட்டால் ஓய்வு பெற்றவர் என்று அர்த்தம், ஓய்வு பெற்றவர் என்றால் அறிவுரை சொல்லலாம் என்று அர்த்தம். அதனால் திங்கட்கிழமை முதல் என் இடத்தில் உட்காரப்போகிற உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு என்று பேர்தான். வீட்டில் எட்டு மாதத்தில் ஒரு மகனும் ஒன்றாம் வகுப்பில் ஒரு மகளும் காத்திருக்கிறார்கள்.

முறையான ஒப்படைப்புக் குறிப்பு தனியாக, பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். இது அதில் சேராதது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முதலாளி படித்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. பிறகு, அரைப் பக்கத்துக்கு மேல் எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே இந்த அரைப் பக்கத்தில் அவரைப் பற்றி நல்லதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவர் நல்லவர். ஒருநாளும் யாரிடமும் கத்தியதில்லை. டீ வந்தால் முதல் கிளாஸை நமக்குத்தான் நகர்த்துவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நம் மென்பொருள் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பட்டுச் சேலையின் கரையையும் முந்தியையும் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்த வேலையைத் திரையில் செய்ய வைக்கிறது. வரைந்ததை அச்சடித்துக் கொடுத்தால், அட்டையில் ஓட்டை போடுகிறவர் கட்டத்தைப் பார்த்து ஓட்டை போடுவார். அந்த அட்டைகள் தறியின் மேலே ஏறும், தறி அதைப் படித்து மயிலையும் மாங்காயையும் நெய்யும். இதை நான் ஜாவாவில் எழுதினேன். என் மகளுக்கு அப்போது ஒரு வயது. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜாவா.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், இதில் எழுதிய நிரல் எந்தக் கணினியிலும் ஓடும் என்று போட்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு, அந்த வரியை முதலாளிக்கு வாசித்துக் காட்டியது.

அடுத்த வாரமே மூன்று பேரிடம் விற்றுவிட்டார். ஒரு ஜவுளிக்கடையில் விண்டோஸ். ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் லினக்ஸ். அதை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணம், இலவசம் என்று யாரோ சொன்னது. மூன்றாவது ஒரு முதலாளி மகன், அவர் மேக் வைத்திருந்தார். அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் பார்க்கும்படி வைத்திருந்தார். திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

“மூணுத்துக்கும் ஒரே சிடிம்மா,” என்றார் முதலாளி.

“சார், மூணும் வேற வேற. ஒவ்வொண்ணுலயும் போட்டுப் பார்க்கணும்.”

“எல்லாத்துலயும் ஓடும்னு நீதான சொன்ன?”

“புத்தகத்துல போட்டிருந்துச்சு சார்.”

“புத்தகத்துல பொய்யா போடுவான்?”

சிடி தயாராவதற்கு ஒரு மாதம் முன்பே அதற்கு மேலட்டை அச்சாகி வந்துவிட்டது. நடுவில் மயில். மயிலைச் சுற்றி மூன்று வட்டப் படங்கள், மூன்று வகைக் கணினிக்கும் ஒன்றொன்று. பளபளப்பான தாள். உள்ளே வைக்க ஒன்றும் இல்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. வாலாஜாபாத்தில் என் நாத்தனார் இருக்கிறார். மகளை அவர் வீட்டில் ஒரு பகல் விட்டுவிட்டு வரவேண்டுமென்றால் நான் கட்டும் பையைப் பார்த்து ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு சீட் கேட்பார். பால் புட்டி இரண்டு, அதைக் கழுவ பிரஷ், காய்ச்சிய தண்ணீர், தெர்மாமீட்டர், மாற்றுத்துணி நான்கு. ஒருமுறை சர்க்கரையும் பொட்டலம் கட்டி வைத்துவிட்டேன். “ஏன் அண்ணி, எங்க வூட்ல சக்கரை கூட இருக்காதுன்னு முடிவே பண்ணிட்டியா?” என்று நாத்தனார் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதே நான், மென்பொருளை இன்னொருவர் கணினிக்கு அனுப்பும்போது, அங்கே எல்லாம் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு அனுப்பினேன். என் கணினியில் ஜாவா இருந்தது, தமிழ் எழுத்துரு இருந்தது, நல்ல நிறம் காட்டும் கார்டு இருந்தது. இவையெல்லாம் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. மூச்சு விடுகிறவளுக்குக் காற்று இருப்பது தெரியாத மாதிரி.

ஐயம்பேட்டை சங்கத்தில் திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதால் அதற்குள் தலைவர் பொத்தானை அழுத்திவிட வேண்டும். வியாழக்கிழமை காலை நான் சிடியோடு போனேன். கணினி தைத்துப் போட்ட உறைக்குள் இருந்தது. நெற்றியில் மூன்று குங்குமப் பொட்டு. வாங்கிய நாளில் வைத்தது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

சிடியில் இருந்ததை அதில் ஏற்றினேன். ஓடவே இல்லை. அதற்கு வேண்டிய ஜாவாவே அதில் இல்லை. இன்னொரு சிடியில் நான் வைத்திருந்த பழைய ஒன்றைப் போட்டு எப்படியோ திறந்தேன். மெனுவில் ‘கோப்பு’ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். ‘கரை’ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கட்டம். சரி, எழுத்துதானே என்று டிசைனைத் திறந்தேன். அந்தத் திரை இருநூற்றைம்பத்தாறு நிறம் மட்டுமே காட்டும் நிலையில் இருந்தது. அரக்கு செங்கல் மாதிரி வந்தது. மயில்கழுத்தும் கிளிப்பச்சையும் ஒரே நிறமாக நின்றன.

வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை என்றிருப்பார்கள். மயில்கழுத்தையும் கிளிப்பச்சையையும் ஒன்று என்று காட்டிவிட்டு இந்த ஊரில் தெருமுனை வரைக்கும் கூட நடக்க முடியாது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சண்முகம் அண்ணன். சங்கத்தில் டிசைன் போடுகிறவர், அப்போது நாற்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதில் ஒரு ஊசி இருக்கும்.

“இன்னாம்மா, மயிலு காமாலை வந்த மாதிரி இருக்குது?”

“செட்டிங்ண்ணா. சரி பண்ணிடுவேன்.”

“பண்ணும்மா. தலைவரு கிராப் பேப்பரை எல்லாம் கட்டி ஸ்கூலுக்குக் குடுத்துட்டாரு. பசங்க கணக்குப் போடட்டும்னு.” கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “செவ்வாக்கெழமை ஒரு கரை அட்டைக்குப் போவணும். தறியில பாவு நூலு ஏத்தி வெச்சாச்சு. அட்டை வரலேன்னா அந்த வூட்டுக்காரன் கையக் கட்டிக்கினு ஒக்காந்துருப்பான். அதான் கேட்டேன்.”

பகல் ஒரு மணிவரை போராடினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். அது ரொம்பக் குறைவு என்று அன்றுதான் தெரிந்தது. அலுவலகத்துக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன்.

“சார், ஒரு வாரம் டைம் வேணும்.”

“இன்விடேஷன் குடுத்தாச்சும்மா. உன் மிஷின்ல ஓடுதா?”

“ஓடுது சார்.”

“நல்லா ஓடுதா?”

“நல்லா ஓடுது சார்.”

“அப்ப உன் மிஷினையே எடுத்துக்கினு போ.”

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். அவர் எனக்காக வரைந்த ஒரே தொழில்நுட்பப் படம் அது. ஒரு மேசை. மேசை மேல் சங்கத்தின் சிபியு, மாலையோடு. மேசைக்கு அடியில் என் சிபியு. திரையும் கீபோர்டும் மவுஸும் கீழே இருப்பதோடு சேரும். மேலே இருப்பது சும்மா விளக்கு எரியும். மேசையை மூட ஒரு பெரிய பட்டுச் சேலை, தரைவரை. தலைவர் அழுத்துவார், மயில் வரும், நம் வேலையை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவார்கள். சாயங்காலம் கீழே இருப்பதை நாம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

“திங்கட்கிழமை அவங்க வேலை செய்யணும் சார். செவ்வாய்க்கிழமை ஒரு கரை...”

“அதுக்குள்ள நீ சரி பண்ணிடமாட்டியா?”

ஒரு வாரம் கேட்டவளுக்கு மூன்று நாள் கொடுத்தார், அதில் ஒன்று ஞாயிறு. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போதும் தெரிந்தது. சொன்னது, “சரி சார்.”

வெள்ளிக்கிழமை காலை சிபியுவை மகளின் டர்க்கி டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் கையைக் கொடுத்துத் தாங்கினேன். எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மா.

“இன்னாம்மா அது, மிக்சியா?”

“கம்ப்யூட்டர்ங்க.”

“டிவி மாதிரி இருக்குமே?”

“அது தலை. இது உடம்பு.”

“தல எங்க?”

“அங்க இருக்குதும்மா.”

அந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி ஜவுளிக்கடையில் கேட்டு ஒரு சேலை வாங்கி வந்திருந்தார். அரக்கில் கனமான ஜரிகைக் கரை. விழாவுக்குச் சாதாரண மேசைத்துணி போதாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் கெட்டது. எட்டரைக்கே நாங்கள் போய், யாரும் வருவதற்குள் எல்லாவற்றையும் பொருத்திவிட்டோம். மேசை மேல் இருந்த சிபியு சாமந்தி மாலையோடு ‘கொர்’ரென்று சத்தம் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. தாலி கட்டப்போகிறவர் மேசைக்கு அடியில் இருந்தார்.

தலைவர் பத்து மணிக்கு வந்தார், பத்து நிமிடம் பேசினார். “இனிமே நம்ம சங்கத்துல பேப்பரும் கெடையாது, பென்சிலும் கெடையாது!” கைதட்டல். பொத்தானை அழுத்தினார். திரை தெளிந்தது. நடுவில் மொட்டைத் தலையோடு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு, பல் இல்லாமல் சிரித்தபடி என் மகள்.

என் கணினியின் முகப்பில் அவள் படத்தைப் போட்டு வைத்திருந்தேன். இவ்வளவு யோசிக்கிற நான் அதை மாற்ற யோசிக்கவில்லை.

“இது யாரு பாப்பா?” என்றார் தலைவர்.

முதலாளி கண் சிமிட்டவில்லை. “அது டிசைனோட வரும் தலைவரே.”

நான் அவசரமாக டிசைனைத் திறந்தேன். மயில் வந்தது. அரக்கு அரக்காக, மயில்கழுத்து மயில்கழுத்தாக. கூட்டத்திலிருந்து ஒரு “ஆ” எழுந்தது. தலைவர் பேனாவை எடுத்தார். மணி பத்து இருபது. லினக்ஸா விண்டோஸா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பத்தரைக்குள் முடியுமா என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

சண்முகம் அண்ணன் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. மேசையை மூடியிருந்த சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் ஒரு பட்டுச் சேலையை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர மாட்டார்கள். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முந்தியைக் கூட, பேச்சுக்கு நடுவே, விரலால் புரட்டிப் பின்பக்கம் பார்த்துவிடுவார்கள். ஜரிகை எங்கே வெட்டியிருக்கிறது, நூல் எப்படித் திரும்புகிறது, கரை எப்படி இணைந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சந்தேகப்பட்டு அல்ல, கை தானாகப் போகும். பட்டிலேயே புரள்கிற ஊரில் ஒரு ரகசியத்தை மறைக்க எங்கள் முதலாளி பட்டுச் சேலையைத் தேர்ந்தெடுத்திருந்தார். கோணிப்பையைப் போட்டிருந்தால் இன்று வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அண்ணன் குனிந்து, சேலையின் ஓரத்தைப் பிடித்து, பின்பக்கத்தைப் பார்க்கப் புரட்டினார்.

உள்ளே என் சிபியுவின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மடித்து வைத்த டர்க்கி டவல், வாத்துப் படம் போட்டது.

அவர் கத்தவில்லை. கம்பிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று கண்ணால் தடவிக்கொண்டே வந்து மேசை மேல் மாலையோடு இருந்ததில் முடித்தார். துணியை ஒழுங்காக இறக்கிவிட்டார். மடிப்பைக் கூடச் சரி செய்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, கூட்டத்தைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பொட்டி இங்கயே இருக்குமா, எடுத்துக்கினு பூடுவீங்களா?”

ஏன் ஏமாற்றினீர்கள் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் கேட்டது திங்கட்கிழமையைப் பற்றி. முதலாளி இரண்டடி தூரத்தில் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார், சிரிப்பை எடுக்காமலே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். போகும் என்று சொன்னால் வேலை போகும், என்னோடு அலுவலகமும் போகும். இருக்கும் என்று சொன்னால் அது பொய். தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

“இங்கயே இருக்கும்ணா,” என்றேன்.

சொன்னபோது அது பொய்தான். ஆனால் அண்ணன் அதைப் பொய்யாக விட்டுவைக்கவில்லை. சட்டென்று குரலை உயர்த்தினார்.

“தலைவரே! இவங்க புதுசா ஒரு பொட்டியே கொண்ணாந்துருக்காங்க! இத நமக்கே வெச்சிட்டு, பழசை எடுத்துக்கினு போறாங்களாம்பா!” என்று சொல்லிக்கொண்டே சேலையைத் திரைச்சீலை மாதிரி ஒரு பக்கம் தூக்கிக் காட்டினார்.

கைதட்டலில் கூரை ஓடு அதிர்ந்தது. தலைவர் முதலாளியைக் கட்டிப்பிடித்தார். அவருக்குப் போட்ட மாலை, மேலே இருந்த சிபியுவின் கழுத்திலிருந்து எடுத்தது. கையெழுத்து விழும்போது மணி பத்து இருபத்தெட்டு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் முதலாளியின் மடியில் அந்தப் பழைய சிபியு இருந்தது. பாதி வழியில் கேட்டார்.

“குடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியாம்மா?”

‘எல்லாத்துலயும் ஓடும்னு விக்கறதுக்கு முன்னாடி நீங்க என்னைக் கேட்டீங்களா சார்?’ இந்தப் பதிலை ஐந்து வருடமாகத் தீட்டி வைத்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. அன்று சொன்னது, “சாரி சார்.”

அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான், நான் எழுதிய மூல நிரல் முழுவதும் அந்த சிபியுவில் இருப்பது நினைவுக்கு வந்தது. வேறு பிரதி இல்லை. மென்பொருளை மட்டுமல்ல, தொழிலையே ஐயம்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அடுத்த ஆட்டோவில் திரும்பிப் போனேன். அண்ணன் அதற்குள் கரையில் பாதி வரைந்திருந்தார். “கொஞ்சம் இரும்மா, இந்த வரிசையை முடிச்சிக்கறேன்,” என்று என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். என் கணினியில், என் முன்னால். உட்கார்ந்தேன், பிறகு நிரலைச் சிடியில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கரை அட்டைக்குப் போனது.

எனக்கு மிஞ்சியது குங்குமப் பொட்டு வைத்த அந்தப் பழைய பெட்டி. வேறு வாங்கித் தர முதலாளிக்கு மனம் வரவில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத்து வராத, நிறம் வராத, ஜாவா இல்லாத அந்தக் கணினியில்தான் அடுத்த மூன்று மாதம் வேலை செய்தேன். அதில் என் மென்பொருளைத் திறக்க முடியாத ஒவ்வொரு காலையும் எனக்கு வாடிக்கையாளரின் காலையாக இருந்தது. நாத்தனார் வீட்டுக்குக் கட்டுகிற பை மாதிரி கட்டினேன். ஜாவா உள்ளே, எழுத்துரு உள்ளே. நிறம் போதாத திரையாக இருந்தால், ‘இந்தத் திரையில் நிறத்தை நம்ப வேண்டாம்’ என்று தொடக்கத்திலேயே தமிழில் ஒரு வரி. “நம்ம குறையை நாமே சொல்லணுமாம்மா?” என்று முதலாளி வருத்தப்பட்டார். அந்த ஒரு தடவை நான் அவர் சொன்னதற்காக அந்த வரியை நீக்கவில்லை. மேக் வைத்திருந்தவரிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதை இரவல் கேட்டேன். கல்லாப் பக்கம் காலியாகத் தெரியும் என்று தயங்கினார், பிறகு கொடுத்தார்.

பொய் சொன்னது சரியா என்று இன்றும் குழம்புகிறேன். உண்மையைச் சொல்லியும் அந்தப் பெட்டியை அங்கே விட்டிருக்க ஒரு வழி இருந்திருக்கும், எனக்கு அந்த எட்டு நிமிடத்தில் அது தோன்றவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நான் சொன்ன பதிலை மனப்பாடம் செய்துவைக்காதீர்கள். அவர் கேட்ட கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகு இது இங்கே இருக்குமா?

ஜன்னலோரம் இருக்கும் மஞ்சளாகிப்போன சிபியுதான் சங்கத்திலிருந்து வந்த அந்தப் பழைய பெட்டி. எதை அனுப்புவதானாலும் முதலில் அதில் போட்டுப் பாருங்கள். குங்குமத்தைத் துடைக்க வேண்டாம். அது வைரஸ் தடுப்பு என்று முதலாளி நம்புகிறார்.

சரியான சிடி தயாரானதும் முதல் பிரதியைக் கொடுக்க நானே ஐயம்பேட்டைக்குப் போனேன். திரையில் இன்னும் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மாற்றித் தரவா என்று கேட்டதற்கு, “இருக்கட்டும்மா, டிசைனோட வந்தது,” என்றார் அண்ணன்.

உறையைக் கொடுத்தேன். மயிலும் மூன்று வட்டப் படமும் போட்ட அந்தப் பளபளப்பான மேலட்டை, ஒருவழியாக உள்ளே ஒன்றோடு. அவர் சிடியை வெளியே எடுத்தார். அதன் மேலும் அதே மயில், அதே படங்கள். ஒரு கணம் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, கை தானாகப் போய் அதைப் புரட்டியது.

“பின்னால ஒண்ணுமே இல்லியே, கண்ணாடி மாதிரி இருக்குது?”

“அந்தப் பக்கத்துலதாண்ணா எல்லாமே இருக்கு.”

முன்பக்கத்தை மறுபடி திருப்பி மூன்று வட்டங்களையும் பார்த்தார்.

“அப்ப இந்தப் படமெல்லாம் யாருக்கு?”

“அது எங்க முதலாளிக்குண்ணா.”